பாதுகாப்பு வலயத்துக்குள் நடந்தது: வன்னி, 2009

2009 ஜனவரி 16ஆம் திகதி, சாப்பாட்டுச் சாமான் ஏற்றிய ஐ.நா. லொறித் தொடர் ஒன்று வவுனியாவிலிருந்து, இலங்கையின் வடக்கே போர் நடந்துகொண்டிருந்த வன்னிக்குள் போனது. 11ஆவது தொடர். தரைவழியாக உள்ளே போன கடைசித் தொடரும் அதுதான். கிளிநொச்சி அந்த மாதம் 2ஆம் திகதியே இராணுவத்திடம் விழுந்துவிட்டது. சாமானை இறக்கித் திரும்புவதற்குள் சண்டை வீதியை மூடிவிட, வந்தவர்கள் புதுக்குடியிருப்பில் மாட்டிக்கொண்டார்கள். பெரும்பாலோர் பிறகு எப்படியோ வெளியேறினாலும் வெளிநாட்டு அதிகாரிகள் இருவர் உள்ளேயே நின்றார்கள். ஐ.நா.வின் உள்ளூர் ஊழியர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் வெளியே விட இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள், சம்மதிக்கவில்லை. அவர்களை விட்டுவிட்டுப் போக இந்த இருவருக்கும் மனம் வரவில்லை.

ஜனவரி 20ஆம் திகதி அரசாங்கம் முதலாவது பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியான ஏ-35 பக்கம், ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றர். விமானத்திலிருந்து துண்டுப் பிரசுரம் போட்டார்கள்: இந்த எல்லைக்குள் வாருங்கள், இங்கே தாக்க மாட்டோம். சனம் நம்பிப் போனது. தறப்பாளைச் சுருட்டி, பானை சட்டியைச் சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் கட்டிக்கொண்டு போனது. அந்த ஐ.நா. அதிகாரிகளும் 23ஆம் திகதி வலயத்துக்குள் போய், சுதந்திரபுரம் சந்திக்குப் பக்கத்தில் உணவு விநியோக மையம் ஒன்றைப் போட்டார்கள். அரச அதிபர் அலுவலக ஊழியர்களும் அங்கேதான் இருந்தார்கள். சுற்றிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். மையம் எங்கே இருக்கிறது என்ற துல்லியமான ஆள்கூறுகள் இராணுவத்தின் வன்னிப் படைத் தலைமையகத்துக்கு அனுப்பப்பட்டன.

அன்று இரவே பீரங்கிச் செல் விழத் தொடங்கியது.

அந்த இருவரில் ஒருவர் நீண்ட காலம் படையில் இருந்து ஓய்வுபெற்றவர். செல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் கேட்டே சொல்லக்கூடியவர். தெற்கிலிருந்து, அதாவது இராணுவ நிலைகளிலிருந்து வருகிறது என்று அவர் கணித்தார். பங்கருக்குள் இருந்தபடியே கொழும்புக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். கொழும்பில் இருந்த ஐ.நா. பாதுகாப்புத் தலைவர் இராணுவத்தைத் தொடர்பு கொண்டு, உங்கள் செல் எங்கள் மையத்தில் விழுகிறது, நிறுத்துங்கள் என்று கேட்டார். செல்லடி நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் தொடங்கியது. விடியும்வரை இப்படியே போனது.

வெளிச்சம் வந்ததும் அவர்கள் வெளியே ஏறிப் பார்த்தபோது கண்டதை ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதி வைத்திருக்கிறது. பங்கரைச் சுற்றிச் சிதறிய உடல்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். கைக்குழந்தைகளின் உடற்பாகங்கள் மரக்கிளைகளில். முதல் நாள் அந்தப் பங்கரை வெட்ட உதவியவர்களில் சிலரும் செத்துக் கிடந்தார்கள். அவர்கள் வெட்டிக் கொடுத்த குழிக்குள் மற்றவர்கள் உயிரோடு இருந்தார்கள்.

இந்த ஒரு இரவை நான் முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வன்னியின் அடுத்த நான்கு மாதங்களில் நடந்ததெல்லாம் சிறு அளவில் இதற்குள் இருக்கிறது.

முதலில் இராணுவத்தின் பக்கம். வலயத்தை அறிவித்தது அவர்கள். மக்களை அங்கே கூப்பிட்டது அவர்கள். ஆள்கூறு அவர்கள் கையில் இருந்தது. வேவு விமானங்கள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்டவுடன் செல்லடி நின்ற அந்தக் கொஞ்ச நேரம். தகவல் போய்ச் சேரவில்லை என்றோ, இருட்டில் தெரியவில்லை என்றோ இனி யாரும் சொல்ல முடியாது. தகவல் சேர்ந்தது, யாரோ நிறுத்தச் சொன்னார், பீரங்கிகள் நின்றன. அப்புறம் யாரோ திரும்பவும் தொடங்கச் சொன்னார். இந்த வழக்கு எப்போதாவது ஒரு நீதிமன்றத்துக்கு வந்தால், முதல் கேள்வி அந்த இரண்டாவது கட்டளை யாருடையது என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

இனி இயக்கத்தின் பக்கம். அதே இரவில் ஐ.நா. மையத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் தூரத்திலிருந்து புலிகள் பீரங்கி அடித்தார்கள். வலயத்துக்குள் இன்னும் உள்ளே தள்ளியிருந்த இடங்களிலிருந்தும் அடித்தார்கள். இதையும் அதே அறிக்கை சொல்கிறது. எங்கே சனம் நெருக்கமாக இருக்கிறது என்று இராணுவத்தை விட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள். அடித்தால் பதிலுக்குச் செல் வரும், வந்தால் தறப்பாளுக்குள்தான் விழும் என்பதும் தெரியும்.

சரி, புலிகள் அங்கிருந்து அடித்ததால் இராணுவம் திருப்பி அடித்தது, அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஆட்களிலேயே எதிர்ப்பக்கமாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள்: இராணுவம் கொன்று குவித்தபோது இயக்கத்தின் பிழையை எதற்குப் பேச வேண்டும்? இரண்டு கேள்வியும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன. ஒரு தரப்பின் குற்றத்திலிருந்து மற்றத் தரப்பின் குற்றத்தைக் கழிக்கிறார்கள். போர்ச் சட்டத்தில் அப்படி ஒரு கழித்தல் இல்லை. எதிரி விதியை மீறினான் என்பதால் உன் கடமை குறையாது. உள்நாட்டுப் போரிலும் இதே விதிதான். இலங்கை 1959இல் ஏற்றுக்கொண்ட ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான 3ஆம் பிரிவு அரசையும் ஆயுதக் குழுவையும் ஒன்றாகவே கட்டுப்படுத்துகிறது. மக்களுக்குள் ஒளிந்து நின்று அடிப்பது குற்றம். அப்படி ஒளிந்திருப்பவன் மீது, சாகப்போகும் மக்களைக் கணக்கில் எடுக்காமல் அடிப்பதும் குற்றம். முதலாவது நடந்தது என்பது இரண்டாவதற்கு அனுமதிச்சீட்டு ஆகாது.

"பாதுகாப்பு வலயம்" என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அப்படி ஒரு வலயம் செல்லுபடியாக இரண்டு தரப்பும் உடன்பட்டு, உள்ளே ஆயுதம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வன்னியில் அறிவித்த மூன்று வலயங்களும் அரசாங்கம் தன்னிச்சையாக அறிவித்தவை. புலிகள் ஒப்புக்கொள்ளவும் இல்லை, ஆயுதங்களை வெளியே எடுக்கவும் இல்லை. ஆனால் பாதுகாப்பு என்று எழுதிய பிரசுரம் வானத்திலிருந்து விழுந்தால் பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு தாய் அதன் சட்ட நிலையை ஆராயப் போவதில்லை, அவள் போவாள். மக்களை ஒரு மூலையில் குவிக்க அந்தப் பெயர் உதவியது. குவிந்த மக்களைப் புலிகள் தங்களுக்கு வேலியாக்கிக்கொண்டார்கள். அந்த வேலியின் மீது செல் விழுந்தது.

வலயத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு இந்தப் பெயர் இன்னொரு விதத்தில் வினையானது. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை வலயத்துக்கு வெளியே இருந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான காயக்காரர்கள். கட்டில் கிடைக்காதவர்கள் தரையில், நடைபாதையில். செஞ்சிலுவைக் குழுவின் ஆட்களும் அங்கே இருந்தார்கள். ஜனவரி 29 முதல் பெப்ரவரி 4 வரை அது நாள் தவறாமல் தாக்கப்பட்டது. குறைந்தது 9 தடவை கட்டடத்தின் மீதே நேரடியாக விழுந்தது. வலயத்துக்கு வெளியே இருக்கும் எதுவும் தாக்கக்கூடிய இலக்குதான் என்ற பொருளில் அப்போதைய பாதுகாப்புச் செயலாளர் கோத்தாபய ராஜபக்ச ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சியில் பேசினார். வைத்தியசாலைக்குப் பாதுகாப்புக் கிடைப்பது யாரோ வரைபடத்தில் கோடு போடுவதால் இல்லை. அது வைத்தியசாலையாக இருப்பதே போதும். அந்த வளவுக்குப் பக்கத்தில் புலிகளின் நடமாட்டமும் ஆயுதங்களும் இருந்தன என்பதும் பதிவாகியிருக்கிறது. காயக்காரனுக்குப் பக்கத்தில் பீரங்கியைக் கொண்டுவருவது அவனையும் சேர்த்துப் பணயம் வைப்பதுதான்.

பெப்ரவரி 12ஆம் திகதி இரண்டாவது வலயம் வந்தது. புதுமாத்தளனிலிருந்து வெள்ளமுள்ளிவாய்க்கால் வரை ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல் களப்பு, நடுவில் 14 சதுர கிலோமீற்றர் மணல். வன்னிக்குள் 330,000 பேர் இருப்பதாக உள்ளேயிருந்த அரச அதிகாரிகள், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள், கொழும்புக்குக் கணக்கு அனுப்பினார்கள். அதில் நாலில் மூன்று பங்கினர்தான் அந்த மணலில் இருந்தார்கள் என்று வைத்தாலும் சதுர கிலோமீற்றருக்கு 17,000 பேருக்கு மேல் வருகிறது. அத்தனை நெருக்கத்தில் குறிபார்த்து அடிப்பது, குறிபார்க்காமல் அடிப்பது என்ற வித்தியாசமே இல்லாமல் போகிறது. மணலில் பங்கர் வெட்டினால் சரியும். ஆழமாக வெட்டினால் தண்ணீர் ஊறும். சீலைகளைக் கிழித்துத் தைத்து மணல் நிரப்பி அடுக்கினார்கள். கலியாணத்துக்கு உடுத்த கூறைச்சீலைகூட மண்மூட்டையானது.

கொழும்பு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஆண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் சொன்ன எண்ணிக்கை 70,000. ஏப்ரல் கடைசியில் இன்னும் 5,000, மிஞ்சினால் 10,000 பேர் இருப்பார்கள் என்று ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச சொன்னார். அப்போது ஐ.நா.வின் கையில் இருந்த கணக்கு 127,177. போர் முடிந்து முகாம்களில் எண்ணியபோது ஏறத்தாழ 290,000 பேர் உயிரோடு நின்றார்கள், செத்தவர்கள் போக.

இந்த எண்ணிக்கை விவகாரத்தைப் புள்ளிவிவரச் சண்டை என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. அனுப்பிய சாப்பாடும் மருந்தும் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். 70,000 பேருக்கு அனுப்பிய மாவை மூன்று லட்சம் பேர் பகிர்ந்தார்கள். மயக்க மருந்தும் இரத்தம் ஏற்றும் பையும் போதாமல் உள்ளே இருந்த அரச வைத்தியர்கள் கை கால் வெட்டினார்கள். பெப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைக் குழு கப்பலில் ஏறத்தாழ 14,000 காயக்காரரையும் உறவினரையும் ஏற்றிப் போகாவிட்டால் சாவு இன்னும் எங்கேயோ போயிருக்கும். பட்டினியைப் போர்முறையாகப் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். ஒரு எண்ணைக் குறைத்துச் சொல்லியே அதைச் செய்யலாம் என்று வன்னியில் பார்த்தோம். உள்ளே வந்து சேர்ந்த கொஞ்சச் சாமானிலும் இயக்கம் தன் போராளிகளுக்கென்று எடுத்தது.

ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பால்மா கொடுத்தார்கள். சுகாதார அதிகாரிகள் ஒழுங்குசெய்த வரிசை. கைக்குழந்தை வைத்திருந்த தாய்மார், கர்ப்பிணிகள், பிள்ளைகள். அந்த வரிசைக்குள் செல் விழுந்தது. செத்துக்கிடந்த தாய்மார் சிலரின் கையில் பால்மா அட்டை அப்படியே இறுகப் பிடித்தபடி இருந்தது. பெயர் பதிந்து, இத்தனை பிள்ளைக்கு இத்தனை என்று குறித்த அட்டை. நிபுணர் குழுவின் அறிக்கை முழுவதையும் படித்தாலும் கடைசியில் மனதில் நிற்பது இந்த அட்டைதான்.

இனி இயக்கம் தன் சொந்தச் சனத்துக்குச் செய்தது. தமிழில் எழுதும்போது பலரும் இந்த இடத்தில் இரண்டு வரியோடு கடந்துவிடுகிறார்கள். எனக்கும் இதை எழுதுவது கடினம். ஆனால் அங்கே இருந்த மக்கள் இதைக் கடந்து போகவில்லை; இதற்குள்தான் இருந்தார்கள்.

வன்னியை விட்டு வெளியேற இயக்கத்தின் பாஸ் வேண்டும் என்பது பழைய நடைமுறை. பாஸ் கிடைத்தாலும் குடும்பத்தில் யாராவது பின்னால் நிற்க வேண்டும். 2009இல் பாஸ் என்ற பேச்சே இல்லை. பெப்ரவரியிலிருந்து, இரவில் நந்திக்கடலுக்குள் இறங்கி மறுகரைக்குப் போக முயன்றவர்களைச் சுட்டார்கள். முதலில் வானத்தை நோக்கி, பிறகு காலில், பிறகு ஆளையே. வீட்டுக்கு ஒருவர் என்று தொடங்கிய கட்டாய ஆள்சேர்ப்பு இரண்டானது, கடைசியில் கணக்கில்லாமல் போனது. 14 வயதுப் பிள்ளைகள்வரை பிடித்தார்கள். சனம் வைத்த பெயர் "பிள்ளை பிடி". மகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்த குடும்பங்கள் உண்டு. மண்ணுக்குள் குழி வெட்டி மகனை ஒளித்துவைத்து, இரவில் சாப்பாடு கொடுத்த குடும்பங்கள் உண்டு. வலைஞர்மடம் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த இளைஞர்களையும் பெண்பிள்ளைகளையும் நூற்றுக்கணக்கில் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதிரிமார் தடுத்தும், தாய்மார் மண்ணில் விழுந்து கத்தியும் விடவில்லை. சில நாள் பயிற்சி, அப்புறம் முன்னரங்கு. அவர்களில் பலருடைய உடலைக்கூட யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

பெப்ரவரி 9ஆம் திகதி விசுவமடுப் பக்கம், வெளியேறிய மக்களை இராணுவம் சோதிக்கும் இடத்தில், மக்களோடு மக்களாக வந்த பெண் ஒருவர் தற்கொலைக் குண்டை வெடித்தார். படையினரோடு சனமும் செத்தது. அதற்குப் பிறகு குழந்தையோடு வரும் ஒவ்வொரு பெண்ணையும் துவக்கு நீட்டியே பார்த்தார்கள். இயக்கத்துக்கு இது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.

மக்கள் தங்கள் விருப்பத்தோடுதான் எங்களுடன் நிற்கிறார்கள் என்று புலிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பாதி உண்மை இருந்தது, அதுதான் கொடுமை. ஆமியிடம் போனால் என்ன நடக்கும் என்ற பயம் கற்பனை இல்லை. 2008 செப்டெம்பரில் அரசாங்கம் கேட்டுக்கொண்டதும் ஐ.நா. கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியது. சனம் அலுவலக வாசலில் நின்று, போகாதீர்கள், நீங்கள் போனால் எங்களைப் பார்க்க ஆளில்லை என்று கெஞ்சியது. சாட்சி போய்விட்டால் என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தப்பி வந்தவர்களை வவுனியாவில் முள்கம்பி முகாம்களில் அடைத்தார்கள். அந்தச் செய்தி உள்ளே போனதும் வெளியேற நினைத்தவன் யோசித்தான். இராணுவம் மக்களை நடத்திய விதம் இயக்கத்தின் பிடியை இறுக்கியது. இயக்கம் மக்களைப் பிடித்துவைத்ததோ, எல்லோரும் புலிதான் என்று பேச இராணுவத்துக்கு வசதியானது.

ஏப்ரல் 20ஆம் திகதி புதுமாத்தளனில் மண் அணையை உடைத்து இராணுவம் உள்ளே வந்தபோது சில நாளில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். 27ஆம் திகதி கனரக ஆயுதங்களை இனிப் பயன்படுத்த மாட்டோம் என்று அரசாங்கம் அறிவித்தது. மே 8இல் மூன்றாவது வலயம், சுமார் 2 சதுர கிலோமீற்றர். மே 12இல் முள்ளிவாய்க்காலில் இருந்த கடைசி வைத்தியசாலை மீது செல் விழுந்தது. கனரக ஆயுதம் இல்லையென்றால் அது என்ன? 18, 19ஆம் திகதிகளில் போர் முடிந்தது.

எத்தனை பேர்? ஐ.நா.வின் நாட்டு அலுவலகம் ஆள் ஆளாகச் சரிபார்த்து வைத்திருந்த பட்டியலில் 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 சாவு, 18,479 காயம். கடைசி நாட்கள் அதில் இல்லை. அந்தப் பட்டியலை ஐ.நா. அன்றைக்குப் பகிரங்கமாக வெளியிடவும் இல்லை. நிபுணர் குழு 40,000 வரை இருக்கலாம் என்றது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் 146,679 பேருக்குக் கணக்கு இல்லை என்றார். அரசாங்கத்தின் சொந்த மக்கள்தொகைப் பதிவுகளிலிருந்து எடுத்த கழிப்பு அது. அரசாங்கம் இதை மனிதாபிமான நடவடிக்கை என்றது; பொதுமக்கள் ஒருவரும் சாகக்கூடாது என்பதே தன் கொள்கை என்றது. உள்ளே வேலை செய்த வைத்தியர்களைப் பிடித்து அடைத்து, ஜூலையில் கொழும்பில் பத்திரிகையாளர் முன்னால் உட்காரவைத்தார்கள். தாங்கள் முன்பு சொன்ன சாவுக்கணக்கு பொய் என்று அவர்கள் சொன்னார்கள். காவலில் இருப்பவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

ஐ.நா. தன்னையே விசாரித்து 2012இல் ஒப்புக்கொண்டது: பெரிய தோல்வி. சாவு நடக்கிறது என்று சொன்னார்கள். யாருடைய செல் என்று தெரிந்திருந்தும் பெரும்பாலும் சொல்லவில்லை. "இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும்" என்ற வாக்கியம் அந்த மாதங்களில் எத்தனை தடவை வந்தது! இரு தரப்பும் என்று சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் எந்தத் தரப்பு எந்த இரவில் என்ன செய்தது என்று பிரித்துச் சொல்லாவிட்டால் அந்தச் சொல் இருவரையும் காப்பாற்றத்தான் பயன்படும்.

புலிகளின் தலைமையில் பெரும்பாலோர் செத்துவிட்டார்கள். அவர்களுடைய குற்றத்துக்குக் கூண்டில் ஏற ஆளில்லை என்ற சாக்கு மற்றக் குற்றத்துக்கும் கதவை மூட உதவுகிறது. இறுதிக்கட்டச் செல்லடிக்காக ஒரு தளபதியும் இதுவரை கூண்டில் ஏறவில்லை. ஆதாரம் இல்லாமல் இல்லை. எந்தப் பீரங்கிப் பிரிவு எந்த நேரம் எந்த ஆள்கூறுக்கு அடித்தது என்று எழுதி வைக்காத இராணுவம் கிடையாது. நந்திக்கடல் கரையில் யாருடைய கட்டளையில் சுட்டார்கள் என்று சொல்லக்கூடிய முன்னாள் போராளிகளும் உயிரோடுதான் இருக்கிறார்கள். பாதுகாப்பு உறுதியானால் அவர்கள் பேசக்கூடும்.

2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் வீதியோரக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். கையில் சட்டம் போட்ட படங்கள். சில தாய்மாருக்குச் சொல்ல இரண்டு திகதிகள் இருக்கின்றன. இயக்கம் வந்து பிள்ளையை இழுத்துப் போன திகதி ஒன்று. இயக்கம் முடி வெட்டிவிட்ட தலையோடு பிள்ளை எப்படியோ திரும்பி வந்து, மே 18 அளவில் வட்டுவாகலில், பதிந்துவிட்டு விடுவோம் என்று இராணுவம் ஒலிபெருக்கியில் சொன்னதைக் கேட்டு, தானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஆமியிடம் கொடுத்த திகதி இன்னொன்று. கேட்பவர் தமிழ்த் தேசியம் பேசுகிறவராக இருந்தால் முதல் திகதியைச் சொல்லவிடுவதில்லை. அரச ஆணைக்குழுவாக இருந்தால் இரண்டாவதைக் கேட்பதில்லை. தாய் படத்தைத் துடைத்துவிட்டு இரண்டையும் சொல்கிறாள்.